எங்கள் இரண்டாவது கோல்கீப்பர்

அந்த யோசனை எனக்குத் தோன்றியது காலை ஏழு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது. திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே என் சைக்கிள் செயின் கழன்று நின்றிருந்தேன். பெரிய யோசனைகள் எல்லாம் நதிக்கரையில்தான் உதிக்கும் என்று பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இருப்பது கால்வாய். அதன் கரையில் நின்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரே யோசனைதான் வரும். ஆகவே கம்பெனி கேட்.

கேட்டுக்கு வெளியே இருபது முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். பத்லிகள். உள்ளே வேலை செய்கிறவன் எவனாவது அன்று வராவிட்டால், அவன் இடத்துக்கு அந்த ஒரு நாள் மட்டும் கூப்பிடப்படுகிறவனுக்குப் பத்லி என்று பெயர். எல்லாரும் வந்துவிட்டால் பத்லி வந்த வழியே திரும்பலாம். ஊரில் நாலு பேருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற கூட்டம், குற்றம் சொல்வதற்கில்லை.

அந்த வரிசையில் ஐந்தாவது ஆளாக என் வகுப்புத் தோழன் நின்றுகொண்டிருந்தான். இண்டர்மீடியட்டில் கடைசி பெஞ்சு. இராயபுரத்து மாதா கோயில் பக்கத்துப் பையன்.

"டேய், இங்கே என்ன பண்றே? வேலைக்குச் சேந்துட்டியா?"

"நானா? இன்னாபா நீ. மச்சான் வர்ற வரிக்கும் நிக்கறேன். அவரு வூட்ல பல்லு வெளக்கிகினு கீறாரு. எடம் பூடும்ல?"

"உங்க அக்கா புருஷனுக்கு இந்தக் கம்பெனியிலா வேலை?"

"வேலையா? அவரே பத்லிதான்."

பத்லிக்கே ஒரு பத்லி! நான் செயினை மறந்துவிட்டேன். அதற்குள் கேட் குமாஸ்தா வெளியே வந்து, "நீ, நீ, நீ" என்று விரலை நீட்டிக்கொண்டே போனார். ஐந்தாவது விரல் இவன் மேல் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். இவனோ, "நான் இல்ல சார், தோ வர்றாரு சார்" என்று பின்னால் கையைக் காட்டினான். மச்சான் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். இவன் ஒரு அடி இடதுபக்கம் நகர்ந்தான். மச்சான் அந்த இடத்தில் வந்து நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை.

இவன்தான் எங்கள் இரண்டாவது கோல்கீப்பர் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது நான் கல்லூரி ஃபுட்பால் டீமின் காரியதரிசி. பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கிற பெருமை பி.டி. மாஸ்டருக்கு, பன்னிரண்டாவது ஆளைத் தேடுகிற பாக்கியம் எனக்கு. அந்த நாளில் ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் ஆளை மாற்ற முடியாது. காலே போனாலும் பதினோரு பேரில் மிச்சமிருக்கிறவர்களை வைத்துத்தான் ஆட வேண்டும். ஆகவே பன்னிரண்டாவது ஆளுக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம்தான். ரெஃப்ரி விசில் ஊதுவதற்கு முன் பதினோரு பேரில் ஒருவன் வந்து சேராமல் இருக்க வேண்டும்.

எங்கள் கோல்கீப்பர் விஷயத்தில் அந்தச் சந்தர்ப்பம் அடிக்கடி வந்தது. அவன் வியாசர்பாடிக்காரன். கை இரண்டும் முறம். பந்து அவனைத் தாண்டிப் போவது கிரகணம் போல எப்போதாவது நடக்கும். ஆனால் அவன் வீட்டு மாடியில் புறாக்கள் இருந்தன. காலையில் பறக்கவிட்ட புறாவில் ஒன்று திரும்பவில்லை என்றால், அவன் வானத்தைப் பார்த்தபடி மாடியிலேயே நின்றுவிடுவான். ஆட்டமாவது, கோப்பையாவது. அதற்கு முந்தின வருஷம் அப்படித்தான் ஒரு புறா திரும்பவில்லை. ஒரு பேக் ஆட்டக்காரனை கோலில் நிறுத்தி ஐந்து கோல் வாங்கினோம். "ரெண்டாவது கீப்பர் இல்லாமல் இனிமேல் என் எதிரில் வராதே" என்றார் பி.டி. மாஸ்டர்.

ஊரில் நல்ல கோலிகளுக்கு, அதாவது கோல்கீப்பர்களுக்கு, பஞ்சமில்லை. ஆனால் ஓரத்தில் உட்காரச் சொன்னால் அவர்கள் எல்லாம், முதல் ஆளின் கால் எப்போது உடையும் என்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொறுமையாக உட்காருகிற ஜாதியோ, பந்து வந்தால் கும்பிடு போட்டு வழிவிடும். எனக்கு வேண்டியது காத்திருக்கத் தெரிந்தவன், பந்தும் பிடிக்கத் தெரிந்தவன். இவனுக்கு இரண்டாவது தெரியுமா என்று அன்று சாயங்காலமே பரீட்சை வைத்தேன். பத்து அடித்தோம், எட்டைப் பிடித்தான். படகிலிருந்து வீசுகிற மீன்கூடையைக் கரையில் நின்று பிடித்துப் பழகிய கை. பந்து அவனுக்குப் பஞ்சு.

"டீம்ல சேர்றியா? ரெண்டாவது கோலி."

"ஒண்டி ஒண்ணு கேக்கட்டா? ஆடுனா காயிதம் குடுப்பாங்களாமே?"

கொடுப்பார்கள். கல்லூரி டீமில் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் போதும், பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் உண்டு. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீஸில் ஃபுட்பால் டீம் வைத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தோடு போனால் குமாஸ்தா வேலை, அதுவும் நிரந்தரமாக. அவன் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போய் வீட்டில் படுத்திருந்தார். இவனுக்கு அந்தக் கல்லூரியில் அதுதான் கடைசி வருஷம். வேண்டியது ஒரே ஒரு ஆட்டம்.

"ஒரு ஆட்டம் இன்னா, அந்தப் புறாப் பைத்தியத்தை நம்பினால் நாலு ஆட்டம் உனக்கு நிச்சயம்" என்றேன். என் தீர்க்கதரிசனத்தின் லட்சணம் அது.

அவனைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, ஆஜர் கூப்பிடும் நேரம். வகுப்புக்கு வராதவர்களுக்காகக் கடைசி பெஞ்சிலிருந்து அவன்தான் "பிரசென்ட் சார்" சொல்வான். மூக்கால் பேசுகிறவனுக்கு மூக்கால். கட்டைக் குரலுக்குக் கட்டை. ஒரு திங்கட்கிழமை நாலு பேருக்கு ஒழுங்காகச் சொல்லி முடித்தான். ஐந்தாவதாக லாஜிக் வாத்தியார் கூப்பிட்டது அவன் பெயரை. பதில் இல்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஆப்சென்ட்.

"உன் பேருடா!" என்று விலாவில் இடித்தேன்.

"ஐய, மெய்யாலுமா? அந்தக் கொரலு தோணலயே நைனா" என்றான்.

முந்தின வருஷம் ஆஜர் குறைந்ததால்தான் அவன் பரீட்சை எழுத முடியாமல் போனது என்று பிற்பாடு தெரிந்தது. யாருக்கெல்லாம் அவன் ஆஜர் கொடுத்தானோ அவர்கள் எல்லாரும் பாஸ்.

அப்புறம் கோயிலில் நடப்பது. இராயபுரத்தில் பாதி ஆண்கள் கப்பலில் வேலைக்குப் போனவர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், ஞானத்தகப்பனாகக் குறித்த ஆள் ரங்கூனிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். அவன் சார்பில் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க ஒருவன் வேண்டும். அது இவன். சாமியார் பேயை விட்டுவிடுகிறாயா என்று கேட்டால், விட்டுவிடுகிறேன் என்று கடலில் இருக்கிற ஒருவனுக்காக இவன் சொல்வான். புத்தகத்தில் ஏறுவது கப்பல்காரனின் பெயர். அந்தத் தெருவில் அவன் தூக்காத குழந்தை இல்லை. ஒரு குழந்தைக்கும் அவன் ஞானத்தகப்பன் இல்லை.

இதை எல்லாம் அப்போது வேடிக்கையாகத்தான் பார்த்தேன். நான் தேடிய ஆளுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சீசன் ஆரம்பித்தது. முதல் ஆட்டத்துக்கு வியாசர்பாடிக்காரன் சரியான நேரத்துக்கு வந்தான். ஆச்சரியம். இரண்டாவதுக்கும் வந்தான். மூன்றாவதுக்கு அரை மணி முன்பே வந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "புறா எல்லாம் செத்துப் போச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"ஐய, வாயக் கழுவு. நம்ம ரெண்டாவது கோலி கீறான் பாரு, காலைல அஞ்சரைக்கே வந்து குந்திக்கறான். ஆட்டத்தன்னிக்கு எதையும் பறக்க வுடாதேன்றான். வுட்டாலும் எண்ணி எண்ணி உள்ள போடறான். எனக்கு நாஸ்தா கூட அவன்தான் வாங்கியாறான் மாமு."

நான் நேரே அவனிடம் போனேன். மைதான ஓரத்தில் ஆட்டக்காரர்களின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, அவன் வராமல் போனால்தானே உனக்கு ஆட்டம்?"

"ஆமா."

"அப்புறம் இன்னாத்துக்கு அவன் வூட்டு வாசலில் போய் நிக்கறே?"

"அவன் வர்லன்னா டீமுக்குப் பேஜாருபா. ரெண்டாவது ஆளுன்னா முதல் ஆளு வந்துட்டானான்னு பாக்க வேணாம்?"

லாஜிக் வாத்தியாரே இதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. நான் வேறு வழி பார்த்தேன். நாலாவது ஆட்டம் ஒரு சோனிக் கல்லூரியோடு. கோலில் நாற்காலியை நிறுத்தினாலும் ஜெயிக்கலாம். முந்தின நாள் வியாசர்பாடிக்காரனைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு ஆட்டம் இல்லை. தள்ளிப்போட்டாச்சு. நிம்மதியாகப் புறா விடு" என்று ஒரு பொய் சொன்னேன். அவனும் மறுநாள் சந்தோஷமாக எல்லாவற்றையும் பறக்கவிட்டிருக்கிறான். இவன் வழக்கம்போல விடியற்காலையில் அங்கே போகாதபடி, மைதானத்தில் வலை கட்டுகிற வேலையை இவன் தலையில் போட்டிருந்தேன். ஆனாலும் ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேரும் மூச்சிரைக்க ஓடிவருகிறார்கள்.

"யாரோ கஸ்மாலம் இவனாண்ட ஆட்டம் இல்லன்னு சொல்லிக்கீறாம்பா!" என்றான் என் பன்னிரண்டாவது ஆள், கண்கள் மின்ன. "நான் மட்டும் போகாங்காட்டி இன்னா ஆயிருக்கும், சொல்லு?"

"நல்ல வேளை" என்றேன்.

இப்படியே ஃபைனலுக்கு வந்துவிட்டோம். அவன் கணக்கில் ஒரு ஆட்டமும் இல்லை. மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். டோல்கேட் பக்கத்து மைதானத்தில் நாலரை மணிக்கு ஆட்டம். மூணே முக்கால் ஆகியும் வியாசர்பாடிக்காரனைக் காணோம். அன்று காலையிலும் இவன் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். அதன் பிறகு புறாக்காரனின் தம்பி கூண்டைத் திறந்துவிட்டானாம். எல்லாம் திரும்பிவிட்டன, பறந்தபடியே குட்டிக்கரணம் அடிக்கிற, அவனுக்கு உயிரான கர்ணப் புறா ஒன்று மட்டும் திரும்பவில்லையாம். அந்தப் பக்கமிருந்து ஆட்டம் பார்க்க வந்த ஒருவன் சொன்னான்.

எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உள்ளுக்குள் குதித்தேன். கடைசியில் அவனுக்கு ஆட்டம்!

பி.டி. மாஸ்டர் மஞ்சள் ஜெர்சியை அவன் மேல் வீசினார். "போடு. யூ ஆர் ப்ளேயிங்."

போட்டுக்கொண்டான். கை கொஞ்சம் நீளமாக இருந்தது, மடித்துவிட்டுக்கொண்டான். கோல் போஸ்ட்டுக்கு நடுவில் போய் நின்றான். இடது கம்பத்தைப் பார்த்தான், வலது கம்பத்தைப் பார்த்தான். மறுபடியும் இடது. பிறகு என்னிடம் வந்தான்.

"மணி இன்னாபா?"

"மூணு அம்பது."

"நாப்பது நிமிசம் கீது. சைக்கிளக் குடு."

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "டேய், இன்னிக்கு ஆடினால் உனக்குக் காகிதம். இதை விட்டால் வேறு ஆட்டம் கிடையாது. உங்க அப்பாவை நினைச்சுப் பார்."

"எல்லாம் தெரியும்பா. அவன் இல்லன்னா கப்பு பூடும். வுடு."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். மஞ்சள் ஜெர்சியோடு மைதானத்தை விட்டுப் பறந்தான். பி.டி. மாஸ்டர் எனக்குக் கொடுத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும், கூட்ஸ் வண்டி அங்கேயே கிடக்கும், இரண்டு கோலியும் இல்லாமல் நாறப்போகிறோம் என்று எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டோம்.

நாலு இருபத்தெட்டுக்கு மஞ்சள் ஜெர்சி சைக்கிளில் திரும்பி வந்தது. உள்ளே ஆள் வேறு.

"நம்ம ஆளு கேட்டு மூடிக்கீதுன்னு வண்டியத் தோள்ல தூக்கிகினு தண்டவாளத்தத் தாண்டிக்கீறான்!" என்று இறங்கினான் வியாசர்பாடிக்காரன். "மாடியேறி வந்து, 'நீ போ, நான் நின்னுகினு பாத்துக்கறேன், எப்டி விசிலடிக்கணும், அத்த ஒண்டி கத்துக்குடு'ன்னான். ஒரே தபா அடிச்சுக் காமிச்சேன். அப்டியே அடிக்கறான் மாமு, எம் புறாவே ஏமாந்துடும்!"

ஒரு கோலில் ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்தான் அந்த முறக்கையன். கோப்பையோடு போட்டோ எடுத்தார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வியாசர்பாடி போனேன். மாடியில் அவன் வெற்று மார்போடு வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கர்ணப் புறா கூண்டுக்குள்ளே தானியம் கொத்திக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சே. இன்னும் ஏன் நிக்கறே?"

"அது வந்து அரைமணி நேரம் ஆவுது. அவன் வந்து பாக்கட்டும்னு நிக்கறேன். கப்பு?"

"நமக்குத்தான்."

"சோக்கு!" என்று கைதட்டினான். எனக்கு அழுகை வந்தது, கோபமாக மாற்றிக்கொண்டேன். நீ என்ன பெரிய தியாகியா, யார் உன்னைக் கேட்டது என்று கத்தினேன். அவன் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"தியாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தெனம் பிராக்டீஸ்ல நின்னேன்ல? அப்ப அது அவன் எடம். நான் சும்மா பாத்துக்கறேன். அவ்ளோதான். சின்ன வாசலாட்டம் கீதேன்னு பந்தப் புடிச்சுப் போட்டுகினு இருந்தேன். இன்னிக்கு மாஸ்டரு இது உன்துன்னு சொல்ட்டாரு. உள்ள போயி நிக்கறேன், இந்தாண்ட கம்பம் ஒரு மூலைல, அந்தாண்ட கம்பம் எண்ணூர்ல கீது நைனா." கொஞ்சம் சிரித்தான். "அடுத்தவன் எடம்னா எங்க வோணா நிப்பேன்."

அவனைப் பெரிய மனசுக்காரன் என்று டீம் முழுக்கச் சொல்லித் திரிந்தது. நானும் மறுக்கவில்லை. மறுநாள் பி.டி. மாஸ்டரிடம் போய், அவனுக்கும் ஒரு சர்டிபிகேட் எழுதக்கூடாதா என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஆடினானா?"

"இல்லை சார், ஆனால்…"

"போட்டோவிலாவது இருக்கானா?"

அதிலும் இல்லை.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவன் இப்போது அதே துறைமுகத்து ஆபீஸில்தான் இருக்கிறான். நிரந்தரமாக அல்ல, லீவு போடுகிறவர்களின் இடத்துக்கு. டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்கு அம்மை என்றால் டெஸ்பாட்ச். ஸ்டோர்ஸ்காரர் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஸ்டோர்ஸ். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். யாரோ ஒருவருடைய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். மேஜையில் மைக்கூடு இடக்கைப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் வலக்கையை நீட்டித் தொட்டுக்கொண்டிருந்தான்.

"நகர்த்தி வைத்துக்கொள்ளேன்டா."

"அவரு இடதுகைக்காரருபா. வந்தா தேடுவாரு."

ஆபீஸில் எல்லாருக்கும் அவன்மேல் உயிர். அவன் இருக்கிற தைரியத்தில் தாராளமாக லீவு போடுகிறார்கள். அவனை நிரந்தரமாக்கினால் தங்கள் லீவுக்கு யார் நிற்பது என்ற கவலையும் அவர்களுக்கு இருக்கிறது. அவன் அப்பா இன்னும் படுக்கையில்தான்.

போன வாரம் அந்த ஆபீஸ் டீமின் அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன கிளப்புக்குக் காரியதரிசி. இந்த வியாதி லேசில் விடுவதில்லை. அவர்களுடைய கோல்கீப்பர் ஓய்வு பெறுகிறாராம். அதற்காக அதிகாரி வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் லீக் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாராம். கண்ணுக்கு நல்ல கோலி ஒருவன் தட்டுப்பட்டால் மறுநாளே ஆர்டர், நிரந்தரம்.

எங்கள் கிளப் கோல்கீப்பரிடம் பேசி அன்றைக்கு ஒருநாள் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னேன். அவனுக்கு ரயில்வேயில் நல்ல வேலை; சம்மதித்தான், காலையிலேயே அரக்கோணத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறான். அவனை யாரும் சைக்கிளில் போய் அழைத்துவர முடியாது. பிறகு என் பழைய பன்னிரண்டாவது ஆளின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். உள்ளே படுத்திருந்த அப்பாவை ஒரு தரம் எட்டிப் பார்த்தான்.

"சரி, பேர எழுதிக்கோ" என்றான். உடனே, "ரெண்டாவது கோலி யாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் ஒரு வாரமாக ஆள் தேடியிருந்தேன். நல்லவனாக ஒருவனைப் போட்டால் நாலு மணிக்கு அவனிடம் ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்துவிடுவான். சுமாரானவனைப் போட்டாலும் கொடுத்துவிடுவான்.

"நான்தான்" என்றேன்.

"நீயா? பந்து வந்தா கண்ண மூடிக்குவியேடா!"

"ஆமாம். லிஸ்ட் கொடுத்தாச்சு. நீ வரவில்லை என்றால் நான் நிற்பேன்."

"கலீஜாப் பூடுமே. பதினோரு பேரு மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"அதை நீ யோசி."

எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான். இந்த மாதிரி ஒருவனிடம் எந்த இடத்தையும் விட்டுவிட்டு நகர முடியாது என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியதைப் பார்த்தேன்.

"கோல் போஸ்ட்டு அதே சைசுதானா இன்னும்?" என்றான்.

"அதே சைசுதான்."

"பேஜாரு புடிச்சவண்டா நீ."

எங்கள் கிளப் கேப்டன் விஷயம் தெரிந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறான். தினம் சாயங்காலம் மைதானத்துக்கு வா, நேராக வருகிற பந்தையாவது பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறான். நேற்று வீடு தேடி வந்து கையோடு இழுத்துப் பார்த்தான். நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வரையில் யார் வந்து சொல்லிக்கொடுத்தாலும் பந்து பிடிக்கக் கற்றுக்கொள்வதாக இல்லை.